கேட்டால் சொல்கிறவன்

"ரெப்புங்க எல்லாம் கடைசிலதான் சார், உக்காருங்க" என்றாள் சகாயமேரி. டாக்டர் கமலவேணியின் அறை வாசலில் நின்று டோக்கன் கூப்பிடுகிறவள் அவள்தான். ஆறு வருஷமாக இருதயராஜிடம் இதையேதான் சொல்கிறாள். முதல் தடவை அவன் பொறுமையாக விளக்கியிருக்கிறான்: நான் ரெப் இல்லம்மா, மாத்திரை விற்கிறவன் இல்லை, மெடிக்கல் சயன்ஸ் லையசன் என்று எங்கள் வேலைக்குப் பெயர், டாக்டர் ஏதாவது ஆராய்ச்சி விவரம் கேட்டால் எடுத்து வந்து சொல்வேன். அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், அப்ப ரெப்புங்களுக்கு அப்புறம் போங்க" என்றாள். அதற்கப்புறம் அவன் யாருக்கும் விளக்குவதில்லை. இன்று டோக்கன் முப்பத்தொன்று ஓடுகிறது. நாற்பத்திரண்டு வரை இருக்கிறதாம். மணி பன்னிரண்டே கால். தில்லைநகர் வெயில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. சுவரோர நாற்காலி ஒன்றைப் பிடித்து, லேப்டாப் பையை மடியில் வைத்து, இடது கையை அதற்கு அடியில் சொருகிக்கொண்டான். பையின் கனம் விரல்களை அமுக்கிப் பிடிக்கும். பிடிக்கிறதா? பிடிக்கிறது. இல்லை, பிடிக்கவில்லை, கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு சேர்ந்து எதையோ உருட்டிக்கொண்டுதான் இருக்கிறது, பை மறைப்பதால் நின்றது போலத் தெரிகிறது. கையை நீட்டி ஒரு டம்ளரை எடுத்தால் சுத்தமாக நின்றுவிடும். சும்மா வைத்திருந்தால்தான் ஆடும். சும்மா இருக்கும்போது ஆடுகிற நடுக்கம் எதன் அறிகுறி என்று நூறு டாக்டர்கள் முன்னால் படம் போட்டு விளக்கியவன், அந்தப் பெயரை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்க இரண்டு மாசமாகத் துணியவில்லை. பார்க்கின்சன். இதோ, சொல்லியாகிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றுகிறது, டி.வி.யில் சத்தமில்லாமல் யாரோ வெங்காயம் நறுக்குகிறார்கள், முப்பத்திரண்டு உள்ளே போகிறது. இன்றைக்கு எப்படியாவது டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். போன மாசமும் இதே இடத்தில் உட்கார்ந்து இதையேதான் நினைத்தான்.

சொல்வது என்றால் எப்படி ஆரம்பிப்பது, அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. அவன் பிழைப்பே கேட்டால் மட்டும் சொல்வது. மாத்திரை அட்டையில் அச்சடித்திருப்பதை ரெப் யாரிடமும் கூவலாம். அட்டையில் இல்லாததை, இன்னும் ஆராய்ச்சியில் இருப்பதை, இருதயராஜ் பேசலாம். ஆனால் டாக்டர் தானாக வாயைத் திறந்து கேட்டால்தான். கேட்க வைக்கவும் கூடாது. "இதுல ஏதாவது சந்தேகம் இருக்கா மேடம்" என்று தூண்டில் போட்டால் அதுவே குற்றம். வருஷா வருஷம் ஜனவரியில் கம்ப்யூட்டரில் நாற்பது கேள்விப் பரீட்சை வைப்பார்கள். லிஃப்டில் டாக்டர் உங்களைப் பார்த்து "என்ன புதுசா?" என்கிறார், இது கேள்வியா? இல்லை, விசாரிப்பு. பதில் சொல்லக்கூடாது. அவன் ஆறு வருஷமும் நாற்பதுக்கு நாற்பது. மெச்சிக்கொள்ளத்தான் ஆளில்லை. இந்தச் சனியன் பிடித்த பழக்கம் வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. போன மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சலில் தனியாகக் கிடந்தான். நாலு நாளும் அக்கா போனில் பேசினாள், எப்படிடா இருக்க என்றாள், அவள் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிற கதையைச் சொன்னாள். எப்படி இருக்க என்பது விசாரிப்புதானே, கேள்வியில்லையே. நல்லா இருக்கேன்க்கா என்றான். காய்ச்சல் அடிக்கிறதா என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். யாரும் கேட்கவில்லை என்பதால் இதையும் யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்து மூன்று. முப்பத்து மூன்றாம் நம்பர் எழுந்திருக்கவே சிரமப்படுகிறது. முன்னால் சாய்ங்க ஐயா, இன்னும் கொஞ்சம் முன்னால், இப்ப எந்திரிங்க என்று அவன் வாய் தானாக முணுமுணுத்தது. ஆனால் உதடு அசைந்ததோடு சரி.

காட்டிக்கொடுத்தது வாட்ச்தான். நடக்கிற அடிகளை எண்ணுகிற வாட்ச் ஒன்றை மனைவி எஸ்தர் தோஹாவிலிருந்து வாங்கி அனுப்பியிருந்தாள். ஸ்டேடியத்தில் காலையில் எட்டுச் சுற்று சுற்றி வந்தால் அது பாதிக் கணக்குக்கூடக் காட்டவில்லை. இது கெட்டுப்போய்விட்டது என்று சிங்காரத்தோப்பில் ஒரு கடைக்கு எடுத்துப்போனான். கடைக்காரர் ஷேக் மதார் பொறுமையான மனுஷன், வாட்சைத் தன் கையில் கட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே இருபது அடி நடந்தார், இருபது காட்டியது. "இப்ப நீங்க நடங்க சார்." நடந்தான், ஏழு காட்டியது. இன்னொரு தடவை நடந்தான். ஆறு. "ஏன் சார் கையைக் கட்டிப்போட்ட மாதிரி நடக்குறீங்க? நல்லா வீசி நடங்க, வாட்ச்ல ஒண்ணும் கொறையில்ல" என்று அவர் சிரித்தார். இருதயராஜும் சிரித்தான், அல்லது சிரித்ததாக நினைத்துக்கொண்டான், எதிரே சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் அவன் முகம் அப்படியே இருந்தது. அந்த இடத்திலேயே எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. ஆறு மாசமாகத் தோள்பட்டை வலி என்று எலும்பு டாக்டர் கொடுத்த களிம்பு. ஒரு வருஷமாக எதிலும் வாசனை தெரியாமல் இருப்பது. அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, கரிக்கட்டையாகி, எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. கொரோனா வந்துபோன மிச்சம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அவன் போடுகிற ஸ்லைடில் நாலாவது இதுதான், இடது பக்கம் ஒரு மூக்குப் படமும் வலது பக்கம் ஒரு தோள் படமும் இருக்கும். அந்த ஸ்லைடை அவன் எத்தனை ஊரில் போட்டிருப்பான், கும்பகோணம், தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை. அத்தனை தடவையும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறான், கூட்டத்தில் இருந்த அத்தனை நரம்பு டாக்டர்களும் படத்தைத்தான் பார்த்தார்கள்.

எஸ்தர் பார்த்திருப்பாள். நர்ஸ் அவள், அதிலும் அங்கே வயசானவர்கள் வார்டு, ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள். அதனால்தான் வீடியோவில் வரும்போது கழுத்துக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்து வைக்கிறான். போன ஞாயிறு அவள், "ஏன் இப்பல்லாம் முகத்தை உர்ர்னு வெச்சிருக்கீங்க, எம்மேல என்ன கோவம்?" என்றாள். கோபமில்லை என்றான். "அப்ப சிரிங்க பாப்போம்." சிரித்தான். "போதும் போதும், இதுக்குச் சிரிக்காமயே இருந்திருக்கலாம்" என்று அவள் முகம் வாடி, டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அவளிடம் சொல்லலாம். சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள், மகள் படிப்பு முடிய இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, ஒன்பது வருஷமாகத் தனியாகக் கிடந்து சம்பாதித்தது பாதியில் நிற்கும். முதலில் நிச்சயமாகத் தெரியட்டும், பிறகு சொல்லலாம். நிச்சயமாகத் தெரியாதா என்ன உனக்கு? எலிக்கே வரவழைத்தவன் நீ. ஆமாம், அது வேறு இருக்கிறது. மருந்தியல் பி.எச்டி.க்காக மூன்று வருஷம் எலிகளோடு குடித்தனம் நடத்தினான். எலியின் மூளையில் ஒரு பக்கம் மட்டும் ஊசி போட்டு அந்த நரம்புகளைச் சாகடித்தால், பிறகு ஒரு மருந்து கொடுத்ததும் அது ஒரே பக்கமாகச் சுற்ற ஆரம்பிக்கும். நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். நன்றாகச் சுற்றுகிற எலி நல்ல எலி. இருபத்து மூன்றாம் நம்பர் எலி நிமிஷத்துக்குப் பதினாலு சுற்று சுற்றியது, அன்றைக்கு எல்லாருக்கும் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தான். அதற்குக் கிடைத்த தண்டனை இது என்றெல்லாம் அவன் நம்புகிறவன் இல்லை. இரண்டு மாசமாகக் கோயிலுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். சென்னையில் போய்க் காட்டலாம் என்று ரயிலில் இடம் போட்டான், போட்டதை ரத்து செய்தான். மறுபடி போட்டான், மறுபடி ரத்து செய்தான். திருச்சியில் யாரிடமும் டோக்கன் வாங்க முடியாது, எல்லாரையும் தெரியும். தெரியும் என்றால் அவர்களை இவனுக்குத் தெரியும். டோக்கன் வாங்கிய மறுநாள் அதே அறைக்கு லேப்டாப்போடு போனால் அவர்கள் இவன் சொல்வதைக் கேட்பார்களா, இவன் கையைப் பார்ப்பார்களா? கம்பெனிக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்?

"சார், நீங்க காட்ட வந்தீங்களா?" பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள். முப்பத்தைந்து வயசு இருக்கும், மாமனாரை அழைத்து வந்திருக்கிறாள், கொஞ்ச நேரம் முன்பு பெரியவரின் வாயோரத்தை முந்தானையால் துடைத்துவிட்டதை அவன் பார்த்தான். இது கேள்விதான். நேரான, சுத்தமான கேள்வி. ஒரு வருஷத்தில் ஒருத்தர் கேட்கிற முதல் கேள்வி. ஆமாம்மா என்று சொன்னால் முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "இல்லம்மா, டாக்டர்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றான். அவள் அவன் பையைப் பார்த்தாள். மருந்து சம்பந்தப்பட்ட ஆள் என்று புரிந்துகொண்டாள் போல, குரலைத் தாழ்த்தினாள். "இந்த மாத்திரை மாமாவுக்கு முதல்ல நல்லா கேட்டுச்சு சார். இப்ப மத்தியானம் போட்டா கேக்கவே மாட்டேங்குது. மரக்கட்டை மாதிரி ஆயிடுறாரு. காலையில கஞ்சியோட குடுக்குறேன், கேக்குது. மத்தியானம் பருப்பும் தயிரும் போட்டுப் பெசைஞ்சு, சாதத்துக்குள்ளயே வெச்சுக் குடுத்துடுறேன்." பருப்பும் தயிரும்தான் அம்மா, புரதத்தோடு சேர்ந்தால் அந்த மாத்திரை குடலில் நின்றுவிடும், அரைமணி முன்னால் வெறும் வயிற்றில் கொடு, மாமனார் நடப்பார். பதினாறு வார்த்தை. நோயாளியிடமோ நோயாளி வீட்டாரிடமோ ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது முதல் விதி. டாக்டர் கேட்டால் இவன் சொல்லலாம், இவர்கள் கேட்டால் இவன் ஊமை. அவளோ பதிலுக்காக அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "டாக்டர்கிட்ட கேளுங்கம்மா" என்றான். அவள் தலை தாழ்ந்தது, சரிங்க என்றாள். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. முப்பத்தெட்டு என்று சகாயமேரி கூப்பிட்டதும் அவள் பெரியவரை எழுப்பி நிறுத்தினாள். அவர் நாலு அடி வைப்பதற்குள் இவன் பொறுக்க முடியாமல், "தயிர்சாதத்துக்குள்ள வெச்சுக் குடுக்குறேன்னு சொல்லுங்க. அத மறக்காம சொல்லுங்க" என்றான். அவள் திரும்பிப் பார்த்து, புரிந்தும் புரியாமலும் தலையாட்டினாள். விதியை மீறினோமா இல்லையா என்று யோசித்தபடியே மீதி நாலு டோக்கனும் போயின. ரெப்கள் இரண்டு பேர் போய் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். இருதயராஜின் சட்டை நனைந்திருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உள்ளே டாக்டர் கமலவேணி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். அறுபத்திரண்டு வயசு, காலையிலிருந்து நாற்பத்திரண்டு பேர், பசி. "வாங்க, நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, நான் சாப்பிட்டுக்கிட்டே கேக்குறேன்" என்று எலுமிச்சை சாதத்தைக் கிளறினார். மெயிலில் அவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார், அதனால்தான் இன்று வரவே முடிந்தது: இந்தப் புது மாத்திரையை நோய் தொடங்கின உடனேயே ஆரம்பித்தால் நோய் போகிற வேகம் குறையுமா? இருதயராஜ் லேப்டாப்பை வலது கையால் திறந்தான். நாற்பது வார ஆராய்ச்சி, நானூற்றுப் பன்னிரண்டு பேர், பாதிப்பேருக்கு முதல் நாளே மாத்திரை, மீதிப்பேருக்கு இருபது வாரம் கழித்து. முடிவில் இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில்தான் நின்றன. "நடுக்கம், விறைப்பு குறையுது மேடம். ஆனா நோயை மெதுவாக்குதுன்னு சொல்ல ஆதாரம் இல்ல" என்றான். தன் குரல் சின்னதாகிவிட்டது என்பது அப்போதுதான் அவன் காதில் விழுந்தது, அதுவும் ஸ்லைடில் உண்டு. "என்ன?" என்றார் டாக்டர். "ஆதாரம் இல்ல மேடம்" என்று சத்தமாகச் சொன்னான். "அப்ப எப்ப ஆரம்பிச்சாலும் ஒண்ணுதான்." "ஆமா மேடம். போறது போய்க்கிட்டுதான் இருக்கும்." அவர் தலையாட்டி ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு, "வேற?" என்றார். இது விசாரிப்பு. நாற்பதுக்கு நாற்பது வாங்குகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா, இது கேள்வியில்லை, பையை மூடு, நன்றி சொல், கதவு அங்கே இருக்கிறது. போன மாசம் அப்படித்தான் வெளியே போய் பைக்கைக் கிளப்ப முடியாமல் அரைமணி நேரம் நின்றான்.

"ஒரு கேஸ் இருக்கு மேடம்" என்றான்.

"உங்களுக்கு ஏது கேஸ்?" அவர் கண் இன்னும் டிபன் பாக்ஸில்தான் இருந்தது. "சரி, சொல்லுங்க."

"நாப்பத்தெட்டு வயசு, ஆண். சர்க்கரை, பிரஷர் கெடையாது. ஒரு வருஷமா வாசனை தெரியல. ஆறு மாசமா இடது தோள்ல வலி, எலும்புக்குத்தான் பாத்தாங்க. நடக்கும்போது இடது கை வீசறதில்ல. சும்மா வெச்சிருந்தா கட்டைவிரல் உருளுது, ஏதாவது எடுத்தா நின்னுடுது. முகத்துல பாவம் கொறைஞ்சிருக்குன்னு வீட்ல சொல்றாங்க. இந்த மாதிரி ஆக்குற மாத்திரை எதுவும் சாப்பிடல. வீட்ல யாருக்கும் இல்ல." மாநாட்டில் வாசிக்கிற மாதிரி ஒரு வார்த்தை தடுக்காமல் சொன்னான். ஆறு வருஷத் தொழில் கைகொடுத்தது, சொல்லச் சொல்ல அந்த ஆள் யாரோ ஆகிவிட்டான், பாவம் என்றுகூடத் தோன்றியது.

"இதுல என்ன கேள்வி இருக்கு?" என்றார் டாக்டர், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே. "படிக்கிற பிள்ளைங்களே சொல்லிடுவாங்களே. பார்க்கின்சன்தான். இளவயசு வேற. யாரு பாக்குறாங்க, தஞ்சாவூர்லயா?"

"இன்னும் யாரும் பாக்கல மேடம்."

"பாக்காம இவ்வளவும் எப்படி எழுதினாங்க? அந்த ஆளுக்குச் சொல்லியாச்சா?"

"இப்பத்தான் மேடம் சொன்னீங்க."

டாக்டரின் கை பாதி வழியில் நின்றது. கவளம் டிபன் பாக்ஸில் உதிர்ந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நெற்றியில் ஆரம்பித்து, கண், கன்னம், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் பார்வை கீழே இறங்கி அவன் மடிக்கு வந்தது. "பையை எடுங்க" என்றார். எடுத்தான். கையை மறைக்க ஒன்றும் இல்லை, அது தன் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரம் காயாத விரல்களால் அவன் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசைத்தார். முழங்கையை மடக்கி நீட்டினார். விரலைத் தட்டச் சொன்னார், எழுந்து கதவு வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னார், மறுபடி உட்கார வைத்து மறுபடி கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்தர் போன ஜூலையில் ஏர்போர்ட்டில் தோளைத் தொட்டதற்கு அப்புறம் இவனை ஒரு மனுஷர் தொட்டுப் பிடிப்பது இதுதான். அழுகை வந்தது. கண்ணில் தண்ணீர் இறங்கியதே தவிர முகத்தில் ஒன்றும் அசையவில்லை. டாக்டர் அதையும் கவனித்தார் என்பது தெரிந்தது.

"எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு? போன மாசம் வந்தீங்களே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல மேடம்."

அவர் புதிய ஓ.பி. சீட்டு ஒன்றை இழுத்து, பேனாவைத் திறந்து, அப்படியே நிறுத்தினார். "ஆறு வருஷமா வரீங்க. உங்க பேரு எனக்குத் தெரியலைங்க" என்றார், குரல் தணிந்திருந்தது. இருதயராஜ் என்றான். எழுதினார். வயசு அவராகவே எழுதினார். "மாத்திரை நல்லா கேக்கும், பல வருஷம் வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டலாம். இது நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, ஆனா சொல்றேன்." அவனுக்குத் தெரிந்த அதே விஷயங்கள்தான், எத்தனையோ ஊரில் அவனே சொன்னவைதான், ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டான். சாப்பாடு, தூக்கம், நடை என்று அவர் சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்து, சீட்டைக் கிழித்து, நாற்பத்திரண்டு பேரிடமும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன குரலில், "கூட யாரு வந்திருக்கா? உள்ள கூப்பிடுங்க, அவங்ககிட்டயும் சொல்லிடறேன்" என்றார். இருதயராஜ் திரும்பிக் கதவைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "யாரும் வரல மேடம். நான் வேலையா வந்தேன்" என்றான்.